கண்ணாடிக்குள் நடந்து போக முடியாது

ஏற்காட்டு அடிவாரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. வேப்பமரத்து நிழலில் ஏழாம் வகுப்பு நிற்கிறது. தரையில் சுண்ணாம்புத் தூளால் ஒரு நீளக் கோடு போட்டிருந்தேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பையன், அந்தப் பக்கம் ஒரு பெண். இரண்டு பேரும் கோட்டிலிருந்து மூன்றடி தள்ளி, ஒருவரை ஒருவர் பார்த்தபடி நிற்கிறார்கள். “ரெண்டு பேரும் வலது கையைத் தூக்குங்க” என்றேன். தூக்கினார்கள். “இந்தக் கோடுதான் கண்ணாடின்னு வெச்சுக்கோங்க. இப்போ அவனோட பிம்பமா அவ நிக்கிறாளா?”

“ஆமாங்க சார்” என்று மொத்த வகுப்பும் சொன்னது. பின்வரிசையிலிருந்து ஒருத்தி மட்டும் கேட்டாள்: “அதெப்படீங்க சார்? அவன் கை மலைப்பக்கம் இருக்குது, இவ கை ரோட்டுப்பக்கம் இருக்குது. கண்ணாடியில அப்படித் தெரியாதே?”

அன்றைய பாடம் அந்த ஒரு கேள்விக்குள்ளேயே அடங்கிவிட்டது. இரண்டு பேரும் வலது கையைத் தூக்கினால் அது எதிரொளிப்பு இல்லை, 180 டிகிரி சுழற்சி. இருவருக்கும் நட்டநடுவில் ஒரு புள்ளி வைத்து, பையனை அந்தப் புள்ளியைச் சுற்றி அரைவட்டம் திருப்பினால் அப்படியே அந்தப் பெண் நிற்கும் இடத்தில், அவள் நிற்கும் நிலையில் போய் நிற்பான். பிம்பமாக வேண்டுமென்றால் அவள் இடது கையைத்தான் தூக்க வேண்டும். அப்போதுதான் இருவர் கையும் மலைப்பக்கமே இருக்கும்.

“வலது கை” என்று சொன்னால் சுழற்சி கிடைக்கிறது, “மலைப்பக்கத்துக் கை” என்று சொன்னால் எதிரொளிப்பு கிடைக்கிறது. வலமும் இடமும் நம் உடம்போடு ஒட்டியவை, நாம் திரும்பினால் அவையும் கூடவே திரும்பும். மலையும் ரோடும் ஊரோடு ஒட்டியவை, நாம் எப்படித் திரும்பினாலும் அவை இருந்த இடத்திலேயே இருக்கும். நடுநிலை வகுப்புகளில் உருமாற்றங்களில், அதாவது உருவத்தை நகர்த்துவது, பிரதிபலிப்பது, சுழற்றுவது ஆகியவற்றில், வருகிற குழப்பத்தில் பாதி, இந்த இரண்டு வகைத் திசையையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குவதால் வருகிறது என்பது என் எண்ணம். தாளில் இது தெரியாது. ஆளை நிறுத்தினால் பளிச்சென்று தெரியும்.

தாளில் தெரியாமல் போவதற்கு எங்களைப் போன்ற வாத்தியார்களும் ஒரு காரணம். கரும்பலகையில் கை தானாக வரைவது சதுரம், பட்டாம்பூச்சி, வீடு. சதுரத்தைப் பக்கத்துக் கோட்டில் பிரதிபலித்தாலும் சரி, அப்படியே தள்ளி வைத்தாலும் சரி, படம் ஒன்றுதான். ‘ப’ என்ற எழுத்தும் அப்படியே. அதன் நடுவே செங்குத்தாக ஒரு சமச்சீர்க் கோடு ஓடுகிறது, பிரதிபலித்தாலும் பக்கவாட்டில் நகர்த்தினாலும் ‘ப’ தான். ‘ட’வை எடுங்கள், உடனே குட்டு உடைந்துவிடும். நின்ற கோடும் படுத்த கோடும் நீளத்தில் வேறுபட்ட ஒரு ‘ட’வைத் தரையில் எத்தனை முறை திருப்பினாலும் அது ‘ட’வாகவே இருக்கும், பிரதிபலித்தால்தான் இடம் வலமாக மாறும். வலது கை, இடது கை என்று பெயர் வைத்துக்கொண்ட மனித உடம்பும் ஒரு ‘ட’தான்.

இந்த மூன்றையும், அதாவது இடப்பெயர்வு, எதிரொளிப்பு, சுழற்சி ஆகியவற்றை, எதற்குப் படிக்க வேண்டும்? கோலமும் பூவும் சமச்சீராக இருக்கின்றன என்று ரசிப்பதற்கு மட்டும் இல்லை. இரண்டு முக்கோணங்கள் சர்வசமம் என்கிறோமே, அதற்கு என்ன பொருள்? ஒன்றை எடுத்து மற்றதன் மேல் வைத்தால் மிச்சமில்லாமல் பொருந்த வேண்டும். நாம் ப-கோ-ப (பக்கம்-கோணம்-பக்கம்) என்று சுருக்கிச் சொல்லும் விதியை யூக்ளிட் அப்படித்தான் நிறுவினார், ஒரு முக்கோணத்தை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்து. “எடுத்து வைப்பது” என்றால் என்ன, எந்தெந்த அசைவுக்கு அனுமதி உண்டு என்பதை அவர் சொல்லவில்லை. அதை நேராகக் கையில் எடுத்தவர்களில் முக்கியமானவர் கணிதவியலாளர் ஃபெலிக்ஸ் கிளைன். 1872-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 23. உருவங்களை நகர்த்தும்போது எது மாறாமல் நிற்கிறதோ, அதைப் பற்றிய படிப்புதான் வடிவியல் என்று அப்போது எழுதினார். 1960-களில் இங்கிலாந்திலும் மற்ற நாடுகளிலும் பள்ளிக் கணிதத்தை மாற்றி எழுதியபோது இந்தப் பார்வை வகுப்பறைக்குள் வந்தது. நம் ஆறாம், ஏழாம் வகுப்புப் புத்தகங்களில் இருப்பது அதன் பேரப்பிள்ளை.

சரி, மைதானத்துக்கு வருவோம். ஐந்து பிள்ளைகளைப் புள்ளிகளாக நிறுத்தி ஒரு ‘ட’ செய்துகொள்ளலாம். மூன்று பேர் நின்ற கோட்டுக்கு, மீதி இரண்டு பேர் படுத்த கோட்டுக்கு. இந்த ‘ட’வை மூன்று விதமாக அசைக்கச் சொன்னால் மூன்று வேறு வேறு சட்டங்கள் காலிலேயே தெரியும்.

இடப்பெயர்வில் எல்லோரும் ஒரே திசையில் ஒரே எண்ணிக்கை அடி வைக்க வேண்டும். கேட்பதற்கு எளிது, செய்யச் சொன்னால் முதல் முறை யாரும் சரியாகச் செய்வதில்லை. “இடப்பக்கம் நாலு அடி போங்க” என்றால் பிள்ளைகள் இடப்பக்கம் திரும்பி நாலு அடி நடப்பார்கள். திரும்பிவிட்டால் அதில் சுழற்சி கலந்துவிட்டது. முகம் பார்த்த திசை மாறாமல் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தால்தான் அது சுத்தமான இடப்பெயர்வு. ஒயிலாட்டம் ஆடிப் பழகிய பிள்ளை ஒருத்தி இருந்தால் போதும், வரிசை கலையாமல் பக்கம் நகர்வது எப்படியென்று மற்றவர்களுக்குக் காட்டிவிடுவாள்.

எதிரொளிப்பில் ஒவ்வொருவரும் கோட்டுக்குச் செங்குத்தாக நடந்து, இந்தப் பக்கம் எத்தனை அடியோ அந்தப் பக்கமும் அத்தனை அடி போய் நிற்க வேண்டும். கோட்டுக்குப் பக்கத்தில் நின்றவன் இரண்டடியில் முடித்துவிடுவான், தூரத்தில் நின்றவள் எட்டடி நடப்பாள். கோட்டின் மேலேயே நிற்பவன் அசையவே மாட்டான். “சார், எனக்கு வேலையே இல்லீங்களா?” என்று அவன் கேட்கும்போது, எதிரொளிப்பில் மாறாமல் நிற்கும் புள்ளிகள் எல்லாம் கண்ணாடிக் கோட்டில்தான் இருக்கும் என்ற தேற்றத்தை அவன் வாயாலேயே சொல்லிவிட்டான் என்று பொருள்.

சுழற்சிதான் கஷ்டமானது. அதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்க வேண்டும்.

பிள்ளைகளைச் சுழலச் சொன்னால் நின்ற இடத்தில் தன்னைத்தானே சுற்றுவார்கள். ஆத்மப் பிரதட்சணம். சுழற்சி மையம் தன் உடம்புக்குள்ளேயே இருக்கும் சுழற்சி அது. கணக்கில் வருவதோ பெரும்பாலும் சந்நிதியை வலம் வருவதைப் போன்றது. மையம் வெளியே எங்கோ இருக்கும், உருவம் அதைச் சுற்றிப் போக வேண்டும், போகும்போதே தானும் திரும்ப வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தாளில் ‘ட’வை மையத்தைச் சுற்றி 90 டிகிரி கொண்டுபோய் வைப்பார்கள், ‘ட’ மட்டும் பழையபடி நிமிர்ந்தே நிற்கும்.

இதற்குக் கொடிக்கம்பமும் ஒரு கயிறும் போதும். கயிற்றின் ஒரு முனையைக் கம்பத்தில் கட்டி, ஒரு மீட்டருக்கு ஒருவராக நான்கு பேர் அதை வலது கையால் பிடித்துக்கொள்கிறார்கள். கயிறு தளரக் கூடாது, உடம்புக்கும் கயிற்றுக்கும் உள்ள கோணம் மாறக் கூடாது. கால்வட்டம் வர வேண்டும், அவ்வளவுதான். கம்பத்தை ஒட்டி நிற்பவன் ஒன்றரை மீட்டர் நடந்தால் முடிந்தது. கடைசியில் நிற்பவள் ஆறு மீட்டருக்கு மேல் ஓட வேண்டும், மூச்சு வாங்கும். ஆனால் நான்கு பேரும் திரும்பிய கோணம் ஒன்றே, தொடங்கும்போது மலையைப் பார்த்த நான்கு முகமும் முடியும்போது ஒரே திசையில், மலைக்கு 90 டிகிரி தள்ளி, பார்க்கும். தூரம் வேறு, கோணம் ஒன்று என்பதைக் கவராயத்தை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் விளக்கியிருக்கிறேன், பலன் சுமார்தான். செக்குமாட்டைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இது சொல்லாமலே புரிந்திருக்கும்.

இங்கே ராட்டினத்தை இழுத்து வருவது எனக்குப் பிடித்த வேலை. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகையை ஒட்டி சேலத்தில் ராட்டினம் ஏறாத பிள்ளை குறைவு. குடை ராட்டினத்தில் குதிரை மேல் உட்கார்ந்தால் நம் முகம் ஒரு நேரம் கிழக்கே, இன்னொரு நேரம் மேற்கே. அது உண்மையான சுழற்சி. பெரிய ராட்டினத்தின் தொட்டி அப்படியில்லை. உச்சிக்குப் போனாலும் அடிக்கு வந்தாலும் உட்கார்ந்தவர் தலை மேலே, கால் கீழே. தொட்டி வட்டப் பாதையில்தான் போகிறது, ஆனால் திரும்பவே இல்லை. ஆகவே கீழே நின்ற தொட்டிக்கும் உச்சியில் நிற்கும் தொட்டிக்கும் உள்ள உறவு இடப்பெயர்வு. சுற்றுகிறது சக்கரம் மட்டும்தான். “அப்போ தொட்டியும் சுழன்றால்?” என்று கேட்டதற்கு ஒருவன் “சில்லறை எல்லாம் கொட்டிருமுங்க” என்றான். கணக்குப்படி முழுச் சரியான விடை.

பாதை வளைவதும் உருவம் திரும்புவதும் வேறு வேறு என்று பிடிபட்டுவிட்டால், ஏற்காட்டு ரோடும் பாடமாகிவிடும். இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பேருந்து கிட்டத்தட்ட 180 டிகிரி திரும்புகிறது. ஜன்னலோரம் இடம் பிடித்து, பள்ளத்தாக்கையும் கீழே சேலத்தையும் பார்த்துக்கொண்டு வந்தவனுக்கு வளைவு தாண்டியதும் மலைச்சுவர்தான். ஊர் எதிர்வரிசைக்காரனுக்குப் போய்விட்டது. ஒரு வளைவு வலஞ்சுழியாகவும் அடுத்தது இடஞ்சுழியாகவும் வந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, பேருந்து பழைய திசைக்கே வரும். 180 டிகிரியில் ஒரு விசேஷம் உண்டு. வலப்பக்கமாகத் திரும்பினாலும் இடப்பக்கமாகத் திரும்பினாலும் கடைசி நிலை ஒன்றுதான். தாளில் வரைபவனுக்கு வேறுபாடே இல்லை, ஓட்டுநருக்கு நிறைய உண்டு.

நடந்து படிக்கும் வடிவியலுக்குப் பள்ளி உலகில் பெயர் வாங்கிக் கொடுத்தவர் கணிதவியலாளர் சீமோர் பேப்பர்ட். 1967-இல் அவரும் கூட்டாளிகளும் உருவாக்கிய லோகோ என்ற கணினி மொழியில் ஒரு ஆமை உண்டு. இத்தனை அடி முன்னே போ, இத்தனை டிகிரி திரும்பு என்று கட்டளை கொடுத்தால் போகிற வழியெல்லாம் கோடு போடும். குழந்தை தன்னையே அந்த ஆமையாக நினைத்து நடந்து பார்க்க வேண்டும் என்பது பேப்பர்டின் கருத்து. கணினி இல்லாமலே இதைச் செய்து பார்க்கலாம். “சமபக்க முக்கோணமா நடந்துட்டு வா” என்று ஒருவனைக் கேளுங்கள். கோணம் 60 என்று படித்திருக்கிறான், அதனால் ஐந்தடி நடந்து 60 டிகிரி திரும்புவான், மறுபடி ஐந்தடி, மறுபடி 60. மூன்று பக்கம் நடந்த பிறகும் கிளம்பிய இடம் எங்கோ தூரத்தில் இருக்கும். விடாமல் நடந்தால் அறுகோணம் போட்டு வந்து சேருவான். முக்கோணத்துக்கு 120 டிகிரி திரும்ப வேண்டும். உள்கோணம் தாளில் தெரிவது, வெளிக்கோணம் உடம்பு திரும்புவது. நான்கு முறை 90, மூன்று முறை 120, ஆறு முறை 60, எதை எடுத்தாலும் ஒரு முழுச் சுற்று, 360.

உடம்பை அசைப்பதற்கும் மனசுக்குள் உருவத்தைத் திருப்புவதற்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? உண்டு என்றுதான் சோதனைகள் காட்டுகின்றன. 1971-இல் உளவியல் ஆய்வாளர்களான ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும், கட்டைகளை ஒட்டியதுபோன்ற உருவங்களை இரண்டிரண்டாகக் காட்டி, இரண்டும் ஒன்றா, கண்ணாடி பிம்பமா என்று கேட்டார்கள். இரண்டுக்கும் இடையே உள்ள கோணம் கூடக்கூட, பதில் சொல்ல எடுத்த நேரமும் அதே விகிதத்தில் கூடியது. மனசுக்குள் ஏதோ ஒன்று மெல்லத் திரும்பித்தான் விடை வருகிறது என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். பின்னர் 1998-இல் வந்த ஓர் ஆய்வில், மனசுக்குள் உருவத்தைத் திருப்பும்போது கையாலும் ஒரு பிடியைச் சுழற்றச் சொன்னார்கள். கையும் மனசும் ஒரே பக்கம் சுழன்றால் வேலை சுலபமானது, எதிர்ப்பக்கம் சுழன்றால் தடுமாறியது. பரீட்சையில் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படம் பார்க்கும் பிள்ளையை “நேரா உக்காரு” என்று அதட்டுவதை நான் விட்டுவிட்டேன்.

இதற்காக எல்லாவற்றையும் நடந்தே கற்றுக்கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எதிரொளிப்பு அங்கேதான் காலை வாரும். ஐந்து பேரைப் புள்ளிகளாக நிறுத்திப் பிரதிபலிக்கலாம், அவரவர் நடந்து போய்விடுவார்கள். ஆனால் ஓர் ஆள், தனியாக, தன் பிம்பமாக மாற முடியாது. மைதானம் முழுக்கச் சுற்றினாலும், எத்தனை முறை திரும்பினாலும், வலது கையில் கயிறு கட்டியவன் வலது கையில் கயிறு கட்டியவனாகவேதான் திரும்பி வருவான். அட்டையில் வெட்டிய ‘ட’ கொஞ்சம் கொடுத்து வைத்தது. தரையில் தேய்த்து நகர்த்துகிற வரை அதற்கும் விமோசனம் இல்லை, ஆனால் தரையை விட்டு எடுத்துப் புரட்டிப் போட்டால் பிம்பமாகிவிடும். நம்மைப் புரட்டிப் போட நீளம், அகலம், உயரம் தாண்டி நாலாவது திசை ஒன்று வேண்டும், அது ஏழாம் வகுப்புக்கு இல்லை. ஆகவே இதற்கு மட்டும் கட்டாயம் இன்னொரு ஆள் தேவை. நடந்து போய்ச் சேர முடியாத இடம் ஒன்று உண்டு என்பதைக் கால் வலிக்க நடந்து பார்த்துத் தெரிந்துகொள்வதுதான், எனக்கு, இந்த முறையின் பெரிய லாபம். இடப்பெயர்வும் சுழற்சியும் ஒரு வகை, எதிரொளிப்பு வேறு சாதி என்பதை வரையறையில் எழுதிப் போடுவதைவிட இது ஆழமாக இறங்குகிறது.

இரண்டு முறை பிரதிபலித்தால் கதை மாறும். அதற்கு சலூன் கடையே போதும். முன்னால் ஒரு கண்ணாடி, முதுகுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி. வரிசையாகப் போகும் பிம்பங்களில் ஒன்றுவிட்டு ஒன்று நம்மைப் போலவே வலது கை வலதாக இருக்கும். இணையான இரண்டு கோடுகளில் அடுத்தடுத்துப் பிரதிபலித்தால் கிடைப்பது இடப்பெயர்வு, நகரும் தூரம் கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் போல இரண்டு மடங்கு. கோடுகள் வெட்டிக்கொண்டால் கிடைப்பது சுழற்சி, அதுவும் இடைக்கோணத்தைப் போல இரண்டு மடங்கு. மைதானத்தில் இதை மூன்று ஆட்களையும் இரண்டு கோடுகளையும் வைத்துச் செய்யலாம்.

மழை பெய்த மறுநாள் ஒரு போனஸ் உண்டு. ஈரக்காலோடு வராண்டா சிமெண்டில் நடக்கச் சொன்னால் தடம் விழும். இடது, வலது, இடது, வலது. ஒரு தடத்தை நடையின் நடுக்கோட்டில் பிரதிபலித்து, ஓர் அடி முன்னே தள்ளினால் அடுத்த தடம். எதிரொளிப்பும் இடப்பெயர்வும் சேர்ந்த நாலாவது வகை இது, நம் நடுநிலை வகுப்புப் பாடத்தில் இல்லாவிட்டாலும் தினமும் செய்வது. நொண்டியடித்தால் ஒரே காலின் தடம், வெறும் இடப்பெயர்வு. இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தால் நடுவே கண்ணாடிக் கோடு ஓடும். ஒரே பட்டையாக நீளும் வடிவங்கள் இப்படிச் சமச்சீர் அடிப்படையில் மொத்தம் ஏழு வகைதான், எட்டாவது கிடையாது. ஜான் கான்வே என்ற கணித மேதை அந்த ஏழுக்கும் நொண்டி, நடை, குதிப்பு என்று காலடியை வைத்தே பெயர் சூட்டினார். இளம்பிள்ளைச் சேலையின் பார்டரையோ, வெள்ளிப் பட்டறையில் வேலை முடிந்து வந்த கொலுசையோ பிள்ளைகள் கையில் கொடுத்து, “இது நொண்டியா, நடையா, குதிப்பா?” என்று கேட்டால் சண்டை நடக்கும். நல்ல சண்டை.

நடைமுறைச் சிக்கல்களைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்றியது போலாகும். நாற்பது பேர் வகுப்பில் பத்துப் பேர் அசைவார்கள், முப்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள். சித்திரை வெயிலில் பதினோரு மணிக்கு மேல் மைதானம் ஆகாது. விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொண்டார் என்று பேர் வரும், எனக்கு வந்தது. இதையெல்லாம் சமாளித்துவிடலாம். இவற்றைவிடப் பெரிது, மைதானத்திலிருந்து தாளுக்குத் திரும்பும் வழி. ஆடிவிட்டு வந்து மறுநாள் நோட்டைத் திறந்தால் சில பிள்ளைகளுக்கு இரண்டும் இரண்டு தனிப் பாடம். இடையில் ஒரு படி வைக்க வேண்டியிருக்கிறது. மைதானத்திலேயே கட்டம் போட்டு, இருபது கட்டத் தூரத்தில் நிற்பவர் ஒருவர் கட்டத்தாளில் அதே நேரத்தில் குறித்துக்கொண்டே வர வேண்டும். நடப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், பிறகு இடம் மாற்றிக்கொள்வது. ஒன்பதாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் வரும்போது, y அச்சில் எதிரொளித்தால் (3, 2) ஏன் (−3, 2) ஆகிறது, 180 டிகிரி சுழற்றினால் ஏன் (−3, −2) ஆகிறது என்பதற்கு இந்தக் கட்டத்தாள்தான் பழைய உறவு.

அந்தப் பின்வரிசைப் பெண்ணை மூன்றாம் பருவத் தேர்வில் பார்த்தேன். சுழற்சிக் கணக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்தாள். வலது கையை மேசை மேல் விரித்து, கட்டைவிரலை ஒரு பக்கம் நீட்டி ‘ட’ மாதிரி வைத்துக்கொண்டு மெல்லத் திருப்பினாள். மணிக்கட்டு அதற்கு மேல் போகவில்லை. அப்புறம் தாளைத் திருப்பினாள். மேற்பார்வைக்கு வந்திருந்த டீச்சர் இரண்டு முறை பக்கத்தில் வந்து, உள்ளங்கையில் ஏதாவது எழுதி வைத்திருக்கிறாளா என்று பார்த்துவிட்டுப் போனார்.